அட்டையோடு சேர்ந்ததுதான் படம்



நான் பேசப்போவது கண்டெடுத்த ஸ்லைடுகளைப் பற்றி. யாரோ எடுத்து, யாரோ பத்திரப்படுத்தி, பிறகு யாரோ எடைக்குப் போட்டு, கடைசியில் சந்தையில் விரித்த சாக்கின்மேல் வந்து சேர்ந்த ஸ்லைடுகள். இரண்டு அங்குலச் சதுர அட்டை. நடுவில் 36க்கு 24 மில்லிமீட்டரில் ஒரு துண்டு ஃபிலிம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கல்யாண வீடோ, கடற்கரையோ, கோபுரமோ, பாதி கட்டிய அணையோ முழு நிறத்தில் தெரியும்.

ஸ்லைடுக்கு நெகட்டிவ் கிடையாது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அன்றைக்குக் கேமராவுக்குள் இருந்த ஃபிலிமையே கழுவி, வெட்டி, அட்டைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். சாதாரண ஃபோட்டோ கிழிந்துபோனால் ஸ்டுடியோவில் நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்கலாம். சித்தப்பா வீட்டு ஆல்பத்தில் இன்னொரு பிரதி இருக்கிறதா என்று தேடலாம். ஸ்லைடு போனால் போனதுதான். காசு செலவழித்து டூப்ளிகேட் எடுத்து வைத்தவர்கள் மிகச் சிலர்.

ஸ்லைடைப் பற்றிப் பேச வந்தவன் ஸ்லைடு புரொஜெக்டர் இல்லாமல் வந்திருக்கிறேன். திரையில் நீங்கள் பார்ப்பவை எல்லாம் ஸ்கேன் செய்த பிரதிகள். அசல்கள் இந்த மேசைமேல் பெட்டிக்குள் இருக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

இவை எங்கே கிடைக்கின்றன என்று பலரும் கேட்கிறார்கள். சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்கும். முன்பு மூர் மார்க்கெட்டில் கிடைத்தது. 1985இல் அந்தக் கட்டடம் எரிந்த பிறகு பழைய பொருள் வியாபாரம் பல இடங்களுக்குச் சிதறிவிட்டது. காயலான் கடைகளிலும் கிடைக்கும், ஆனால் நேரத்துக்குப் போக வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது பெரியவருடைய அலமாரியில் இருந்ததை அள்ளிப் போடுகிறார்கள். புரொஜெக்டருக்கு விலை உண்டு. அதன் லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்டிப் பார்க்க இளைஞர்கள் வாங்குகிறார்கள். ஸ்லைடுக்குத்தான் விலை இல்லை.

பல்லாவரத்தில் ஒரு வியாபாரி ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ஸ்லைடுகளை என்னிடம் நீட்டினார். பெட்டி எங்கே என்று கேட்டேன். "டப்பாவைத் தனியா குடுத்துட்டேன் சார். டெய்லர் ஒருத்தர் பட்டன் போட்டு வைக்க நல்லா இருக்குன்னு வாங்கிட்டுப் போயிட்டாரு." அவர்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. அவருக்கு விற்கிற பொருள் டப்பாதான். ஆனால் அந்த டப்பாக்களோடு போனது என்ன என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

கண்ணாடியில் ஃபோட்டோ பதித்து விளக்கின் முன் வைத்துச் சுவரில் காட்டும் வித்தையை அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் லாங்கன்ஹைம் சகோதரர்கள் 1850 வாக்கில் தொடங்கிவைத்தார்கள். அதற்கு முன்பு மாயவிளக்கில் காட்டியவை பெரும்பாலும் கையால் வரைந்த படங்கள். அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் சொற்பொழிவு என்றாலே பக்கத்தில் விளக்கும் கண்ணாடிப் படமும் இருக்கும் என்ற நிலை வந்தது. பாதிரிமார்கள் கொண்டுவந்தார்கள், பேராசிரியர்கள் கொண்டுவந்தார்கள், சுகாதார இலாகா கொண்டுவந்தது. நம் ஊருக்கே இதில் ஒரு பங்கு உண்டு. பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேரரசைப் படம் போட்டுக் காட்ட வேண்டும் என்று லண்டனில் காலனி அலுவலகம் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவுக்காக ஹ்யூ ஃபிஷர் என்ற ஓவியர் 1907இல் கேமராவும் தூரிகையுமாக இந்தியாவுக்கு வந்தார். அவர் கொண்டுபோன படங்களை வைத்துப் புவியியலாளர் ஹால்ஃபோர்ட் மக்கிண்டர் எழுதிய எட்டுச் சொற்பொழிவுகள் 1910இல் புத்தகமாயின. முதல் சொற்பொழிவே சென்னையைப் பற்றியதுதான். இங்கிலாந்தில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் இருட்டறையில் நம் கோபுரமும் நம் கடற்கரையும் சுவரில் தெரிந்திருக்கின்றன. ஃபிஷரின் படங்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. எந்தப் படம் எந்தச் சொற்பொழிவுக்கு என்ற விவரத்தோடு இருப்பதால்தான் அவை ஆவணம். அந்த விவரம் இல்லாவிட்டால் அவை வெறும் பழைய கோபுரப் படங்கள்.

கண்ணாடி ஸ்லைடு நம்மிடம் நீண்ட காலம் உயிரோடு இருந்தது சினிமாக் கொட்டகையில். 'நல்வரவு', 'இடைவேளை', 'புகை பிடிக்காதீர்கள்', ஜவுளிக்கடை விளம்பரம், ஊறுகாய் விளம்பரம் எல்லாமே மூன்றே கால் அங்குலச் சதுரக் கண்ணாடிகள். ஆபரேட்டர் அறையில் மரப்பெட்டியில் அடுக்கியிருக்கும். கொட்டகைகளை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டியபோது கண்ணாடிக் குப்பையோடு அவையும் போயின. எழுத்து ஓவியர்கள் கையால் எழுதிய ஸ்லைடுகள் அவற்றில் உண்டு. ஊருக்கு ஊர் எழுத்தின் வளைவு மாறும். யாராவது இதைத் தனியாக எடுத்துச் சேகரித்தால் நான் என்னிடம் உள்ளதை அப்படியே கொடுத்துவிடத் தயார்.

நிற ஸ்லைடு பரவியது கோடாக்ரோமோடு. கண்டுபிடித்த இருவரும், லியோபோல்ட் மான்னஸ், லியோபோல்ட் கோடவ்ஸ்கி, இசைக் கலைஞர்கள். 1935இல் சினிமாவுக்கும் 1936இல் சாதாரணக் கேமராவுக்கும் அந்த ஃபிலிம் விற்பனைக்கு வந்தது. அதன் விசேஷம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபிலிமுக்குள் நிறம் தரும் ரசாயனம் கிடையாது. கழுவும்போதுதான் ஒவ்வோர் அடுக்காக நிறம் ஏற்றுவார்கள். அதனால் வீட்டிலோ தெருமுனை ஸ்டுடியோவிலோ கழுவ முடியாது. 2009இல் கோடாக் இதன் உற்பத்தியை நிறுத்தியது. கடைசியாகக் கழுவிக்கொண்டிருந்தது அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்த ஒரு லேப். 2010 டிசம்பர் 30 வரைதான் ரோல்களை வாங்கினார்கள். ஆகவே, கழுவாத கோடாக்ரோம் ரோல் உங்கள் கையில் கிடைத்தால் அதில் கறுப்பு வெள்ளைப் படம் வேண்டுமானால் எடுக்க முடியும். நிறம் வராது.

நம் நாட்டில் ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்-ரே ஃபிலிம் என்று அந்தத் தொழிற்சாலை நாடு முழுவதற்கும் கொடுத்தது. வண்ண ஸ்லைடு ஃபிலிம் கடல் கடந்துதான் வந்தாக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வரும் மாமா கொண்டுவருவார். லண்டனில் படிக்கப் போன பிள்ளை அனுப்புவான். கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ ஃபிலிம் இங்கேயே கிடைத்தது. ஆனாலும் நம் ஊரில் ஸ்லைடு எடுத்தவர்கள் ஒரு குறிப்பிட்ட வட்டத்தினர். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள், பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள், கோயில் ஆராய்ச்சியாளர்கள், வேளாண் விஞ்ஞானிகள், தோட்டத் துரைமார்கள், பறவை பார்ப்பவர்கள், வெளிநாட்டுப் பயணிகள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் காசு என்பதால் யோசித்து எடுத்தார்கள். எடுத்த பிறகு, பெரும்பாலோர் அட்டையில் பென்சிலால் எழுதினார்கள்.

திரையில் இருக்கும் இந்தப் படத்தைப் பாருங்கள். கன்னியாகுமரி. எவரும் எதுவும் எழுதவில்லை. கடலில் இரண்டு பாறைகள், இரண்டுமே வெறுமையாக இருக்கின்றன. விவேகானந்தர் மண்டபம் திறந்தது 1970இல். திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி முதல் நாளில். ஆகவே படம் 1970க்கு முந்தையது என்று எல்லோரும் சொல்லிவிடலாம். இடது ஓரத்தில் ஒரு கட்டடத்தின் உச்சி தெரிகிறது, பாருங்கள். அது காந்தி மண்டபம். 1956இல் கட்டி முடித்தார்கள். இப்போது காலம் பதினைந்து ஆண்டுக்குள் வந்துவிட்டது. இனி அட்டையைத் திருப்புகிறேன். சுற்றிலும் சிவப்புக் கரை போட்ட கோடாக்ரோம் அட்டை. இந்த வகை அட்டையைக் கோடாக் ஐம்பதுகளில் பயன்படுத்தியது. அறுபதுகளில் அட்டையின் வடிவம் மாறிவிட்டது. அப்படியானால் இந்தப் படம் 1956க்கும் அந்தப் பத்தாண்டின் முடிவுக்கும் இடையில் எடுத்தது. கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் 1956 நவம்பரில்தான். ஒரு மாவட்டம் மாநிலம் மாறிய சில ஆண்டுக்குள் அதன் கடைக்கோடி எப்படி இருந்தது என்பதற்கு இது சாட்சி. இதில் பாதியைச் சொன்னது படம். மீதிப் பாதியைச் சொன்னது அட்டை.

ஸ்கேன் செய்ய வசதி என்று ஃபிலிமை அட்டையிலிருந்து உரித்தெடுத்து, அட்டையைக் குப்பையில் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் அட்டையை எறிவது பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்தெறிவதற்குச் சமம்.

காலம் கண்டுபிடிக்கப் படத்துக்குள் இன்னும் எத்தனையோ வழி உண்டு. அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் இருக்கிறதா, அது 1959. மெரினாவில் தமிழறிஞர் சிலைகள் இருக்கின்றனவா. அவை 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்தவை. பெயர்ப்பலகையில் 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று இருந்தால் 1969க்கு முன். சுவரில் சினிமா போஸ்டர் இருந்தால் கவலையே இல்லை, அந்த வாரத்தையே சொல்லிவிடலாம். இதற்கெல்லாம் முன் பக்கம் சரியா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்லைடைத் தவறான பக்கம் பார்த்தால் படம் இடவலமாக மாறிவிடும். மங்கலான பக்கம், அதாவது மருந்து பூசிய பக்கம், திரையை நோக்கி இருக்க வேண்டும். எழுத்து எதுவும் இல்லாத படத்தில் நான் முதலில் பார்ப்பது புடவை முந்தானையை. இடது தோளில் இருந்தால் பெரும்பாலும் சரி. ஐயர் வீட்டு மடிசார் என்றால் வலது தோளில் வரும். அங்கே ஆண்களின் சட்டைப் பையைப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த டப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் ஒரு பெட்டி இருக்கிறது. ஒரே ரோலிலிருந்து வந்த படங்கள். அட்டையில் எண் போட்டிருக்கிறது. முதலில் பாம்பன் பாலம், ரயில் ஜன்னலிலிருந்து எடுத்தது. கடைசியில் ராமேஸ்வரம் கோயிலின் நீண்ட பிரகாரம், அருமையான ஒளி. நடுவில் நான்கு படங்கள். ஒரு ரயில்வே பிளாட்ஃபாரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, மணலில் நிற்கும் சில ஓட்டுக் கட்டடங்கள், ஒரு கப்பல் துறையின் மரத்தூண்கள். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. வெயில் அதிகம், கொஞ்சம் வெளுத்தும் இருக்கிறது. தனியாகக் கையில் கிடைத்தால் எந்தச் சேகரிப்பாளரும் ஒதுக்கிவிடுவார். ஆனால் பாம்பனுக்குப் பிறகு, ராமேஸ்வரத்துக்கு முன்னால், கப்பல் துறையோடு ஒரு ரயில் நிலையம் என்றால் அது எது? தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊர் போய்விட்டது. நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த ரயிலே பயணிகளோடு கடலில் போனது. தலைமன்னாருக்குக் கப்பல் ஏறியவர்கள் நின்ற அந்தப் பிளாட்ஃபாரத்தின் நிறப்படம் இந்த நான்கு மங்கல் ஸ்லைடுகளில் இருக்கிறது. இது தனுஷ்கோடி என்று சொல்வது படம் அன்று, படத்தின் வரிசை எண்.

இந்த ரோல் பிளாஸ்டிக் பையில் கலந்து வந்திருந்தால் தனுஷ்கோடி எனக்குத் தெரிந்திருக்காது. அதனால்தான் ஒரு பெட்டி கைக்கு வந்ததும் நான் ஸ்லைடைத் தொடுவதற்கு முன் பெட்டியை ஃபோனில் படம் எடுக்கிறேன். மூடியில் என்ன எழுதியிருக்கிறது, எந்த அடுக்கில் எது இருந்தது, ரப்பர் பேண்ட் போட்ட கட்டு எது, தலைகீழாகச் சொருகியது எது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறேன். பல அட்டைகளின் மூலையில் ஒரு சிறு புள்ளி வைத்திருப்பார்கள். நேராகப் பார்க்கும்போது கீழே இடது மூலையில் இருக்கும். புரொஜெக்டரில் தலைகீழாகப் போட வேண்டும் அல்லவா, அப்போது கட்டைவிரல் அந்தப் புள்ளிமேல் வரும். புள்ளி இருக்கிற ஸ்லைடு யாருக்கோ போட்டுக் காட்டத் தேர்ந்தெடுத்தது. புள்ளி இல்லாதது பெட்டியிலேயே இருந்தது. அந்த வீட்டார் எதைப் பெருமையாகக் காட்டினார்கள் என்பதைக்கூட அந்தப் புள்ளி சொல்லிவிடும்.

அழகான படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுவது, பெட்டியை உடைத்து ஒவ்வொன்றாக விற்பது, இரண்டையும் நான் எதிர்க்கிறேன். அமெரிக்காவில் சார்லஸ் குஷ்மன் என்ற ஓர் அமெச்சூர் 1938 முதல் 1969 வரை எடுத்த 14,500 கோடாக்ரோம்களை இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். எந்த ஊர், எந்தத் தேதி என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்த மனிதர் அவர். அதனால் இன்று அமெரிக்க நகரங்களின் தெருக்களைத் தெருப்பெயரோடு பார்க்க முடிகிறது. பாரிஸில் லீ ஷுல்மன் என்ற திரைப்பட இயக்குநர் 2017இல் 'அனானிமஸ் புராஜெக்ட்' என்று ஒன்றைத் தொடங்கினார். இணையத்தில் ஒரு பெட்டி ஸ்லைடு வாங்கியவர், இன்று லட்சக்கணக்கில் சேர்த்துவிட்டார். குப்பைக்குப் போகவிருந்த படங்களை உலகமே பார்க்கும்படி செய்தவர் அவர். அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் பெயர் தெரியாததே இந்தப் படங்களின் அழகு என்ற ஒரு ரசனை இதையொட்டி வளர்ந்திருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருந்தது. அவள் பிள்ளைக்கு ஊர் இருந்தது. அந்தப் பெயர் கைமாறும்போது தொலைந்தது, அவ்வளவுதான். தொலைந்ததைத் தேடாமல் இருக்க அழகு ஒரு காரணமாகிவிடக் கூடாது.

இனி, கெட்டுப்போகும் விதங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் காற்று ஸ்லைடுக்குப் பகை.

முதல் எதிரி பூஞ்சை. ஃபிலிமில் நிறத்தைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். மாட்டு எலும்பிலும் தோலிலும் எடுப்பது. பூஞ்சைக்கு அது சாப்பாடு. காற்றின் ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை வளரும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அதற்கு மேல் நிற்கும் நாள்களே அதிகம். ஸ்லைடை லென்ஸ் வைத்துப் பார்த்தால் நூல் நூலாகக் கிளைவிட்டுப் பரவியிருக்கும். உடனே ஈரத் துணியால் துடைக்கத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் தன்மைக்கு வந்திருக்கும். துடைத்தால் முகமே துணியோடு வந்துவிடும். முதலில் காய்ந்த இடத்தில் வைத்து வளர்ச்சியை நிறுத்த வேண்டும். பிறகு ரப்பர் பல்பால் ஊதி, மிருதுவான தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தண்ணீர் கலக்காத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதுவும் முக்கியமில்லாத ஒரு ஸ்லைடில் சோதித்த பிறகு.

இரண்டாவது, புளித்த வாடை. பெட்டியைத் திறந்தால் வினிகர் வாசம் வந்தால் ஃபிலிமின் அடித்தளமான அசிட்டேட் சிதைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வெளிவரும் அமிலம் சிதைவை இன்னும் விரைவாக்கும், பக்கத்தில் இருப்பதையும் பாதிக்கும். அதைத் தலைகீழாக்க வழியில்லை. பிரித்து வைத்து, முதலில் ஸ்கேன் செய்து, குளிரில் வைத்தால் தள்ளிப்போடலாம்.

மூன்றாவது, நிறம். கோடாக்கின் இன்னொரு ஸ்லைடு ஃபிலிமான எக்டாக்ரோமில் ஐம்பதுகளில் எடுத்ததைப் பார்த்தால் உலகமே செங்கல் நிறத்தில் இருக்கும். நீலப்பச்சைச் சாயம் இருட்டிலேயே போய்விட்டது. சிவப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. என்னிடம் உள்ள ஆர்வோ ஸ்லைடுகளிலும் நிறம் வெகுவாகப் போய்விட்டது. கோடாக்ரோம் இருட்டில் அசாதாரண உறுதி. எழுபது ஆண்டுக்குப் பிறகும் அந்தச் சிவப்புப் பட்டு நேற்றுக் கட்டிய மாதிரி இருக்கிறது. ஆனால் அதே கோடாக்ரோம் புரொஜெக்டர் வெளிச்சத்தில் மற்றெல்லாவற்றையும்விடச் சீக்கிரம் மங்கும். ஹென்றி வில்ஹெல்ம் என்ற ஆய்வாளர் நிறம் மங்குவதைப் பல ஆண்டுகள் சோதித்து 1993இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். புரொஜெக்டரில் மொத்தம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருந்தாலே கோடாக்ரோமில் மங்கல் கண்ணுக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. ஒரு தடவைக்கு அரை நிமிடம் என்றால் நூற்றிருபது தடவை. நான் புரொஜெக்டர் கொண்டுவராததற்குக் காரணம் இதுதான்.

வைக்கும் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். பரண் கூடாது, மொட்டைமாடிக்கு நேர் கீழே வெயில் முழுவதும் அங்கேதான் இறங்கும். வெளிச்சுவரை ஒட்டிய மர அலமாரி கூடாது. நடு அறையில் வண்ணம் சுட்டு ஏற்றிய இரும்பு பீரோ நல்லது. அந்துருண்டையைப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. ஆல்பக் கடைகளில் கிடைக்கும் பளபள பி.வி.சி. பைகளில் போட்டால் சில ஆண்டுகளில் பிளாஸ்டிக்கின் எண்ணெய் ஃபிலிமில் ஒட்டும். பாலிபுரொப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம், ஆனால் ஜெல் நிறம் மாறுகிறதா என்று பார்த்து, காயவைத்துத் திரும்பப் போடும் பழக்கம் வேண்டும். போட்டுவிட்டு மறந்தால் பயனில்லை. ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள் இரட்டைப் பையில் போட்டு மூட வேண்டும். வெளியே எடுத்ததும் பிரிக்காமல், அறையின் சூட்டுக்கு வரும்வரை அப்படியே விட வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த ஃபிலிமின்மேல் பனி படிந்துவிடும். கண்ணாடி ஸ்லைடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் விளிம்பில் நிறுத்தி வையுங்கள்.

ஸ்கேன் செய்வது இன்று கடினமில்லை. அங்குலத்துக்கு 4,000 புள்ளி என்ற அளவில் எடுத்தால் 21 மெகாபிக்சல் வரும், பெரும்பாலான ஸ்லைடுக்கு அது போதும். நல்ல மேக்ரோ லென்ஸும் சீரான விளக்குப் பலகையும் இருந்தால் கேமராவிலேயே எடுக்கலாம். ஸ்கேனரில் தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதியைக் கோடாக்ரோமுக்குப் போடாதீர்கள். பல ஸ்கேனர்கள் படத்தின் இருண்ட பகுதியையே தூசி என்று நினைத்து அழித்துவிடும். அட்டையின் இரண்டு பக்கத்தையும் தனியாகப் படம் எடுத்து, அதே எண்ணில் சேர்த்து வையுங்கள். நிறத்தைச் சரிசெய்த பிரதி வேறு, சரிசெய்யாத பிரதி வேறு. இரண்டும் இருக்க வேண்டும்.

படத்தில் இருக்கும் மனிதர்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது.

ஒருமுறை ஒரு மருத்துவரின் வீட்டிலிருந்து வந்த பெட்டிகள் எனக்குக் கிடைத்தன. பாதியில் குடும்பம், பயணம், நண்பர்கள். மறுபாதியில் நோயாளிகள். வகுப்பில் காட்டுவதற்காக எடுத்தவை. தோல் நோய், கட்டி, வளைந்த கால்கள். கண்ணை மறைக்காமல் முழு முகத்தோடு நிற்கிறார்கள். சிலர் குழந்தைகள். அவர்கள் சம்மதித்தது மருத்துவருக்காக, பாடத்துக்காக. பல்லாவரம் சந்தைக்கு அவர்கள் சம்மதிக்கவில்லை, எனக்கும் சம்மதிக்கவில்லை. அந்த ஸ்லைடுகளை நான் ஸ்கேன் செய்யவில்லை, எவருக்கும் காட்டியதில்லை, இனியும் காட்ட மாட்டேன். தனிப் பெட்டியில் போட்டு, மருத்துவ வரலாறு படிக்கும் ஆய்வாளர்களுக்கு மட்டும் திறக்கும் நிபந்தனையோடு ஒரு நூலகத்துக்குக் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். இப்படிப்பட்ட படங்களைப் பழம்பொருள் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. எத்தனை ஆண்டு ஆனாலும் தவறுதான்.

சட்டமும் உண்டு. சந்தையில் நாம் வாங்குவது பொருளை. படத்தின் பதிப்புரிமை அதோடு வருவதில்லை. இந்தியச் சட்டத்தில் 2012 திருத்தத்துக்குப் பிறகு ஃபோட்டோவுக்கும் எடுத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டும் உரிமை இருக்கிறது. சிகாகோவில் விவியன் மையர் என்ற ஆயா எடுத்த படங்கள், சேமிப்பறை வாடகை கட்டாததால் 2007இல் ஏலத்துக்கு வந்தன. வாங்கியவர்கள் அவற்றை உலகப் புகழ் பெறச் செய்தார்கள். 2009இல் அவர் இறந்தார். அந்தப் புகழில் எதையும் அவர் பார்க்கவில்லை. பிறகு படத்தின் உரிமை யாருக்கு என்று நீதிமன்றம் வரை போனது. கண்டெடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும், ஆனால் கண்டெடுத்ததால் மட்டும் ஒருவர் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை.

சொந்தக்காரரைத் தேடிக் கண்டுபிடித்த அனுபவமும் உண்டு. ஒரு பெட்டியில் ஒரு கிராமத்துப் பொங்கல். அட்டையில் தெருப்பெயர் மட்டும் பென்சிலில் இருந்தது. விசாரித்து விசாரித்து, அந்த வீட்டுப் பேத்தியைப் பிடித்தேன். அவர் தம் பாட்டியிடம் அழைத்துப் போனார். பெரிய திரையில் காட்டினேன். பாட்டி மனிதர்களைப் பற்றி வாய் திறப்பதற்கு முன் மாட்டின் பெயரைச் சொன்னார். "இது செவலை. எங்க மாமனார் மணப்பாறைச் சந்தையில புடிச்சாரு. இவன் முட்டித்தான் உங்க சின்னத் தாத்தாவுக்குப் பல்லு போச்சு." அதன்பிறகு ஒவ்வொரு முகமாகப் பெயர் வந்தது. யார் யாருக்குக் கட்டிக் கொடுத்தது, யார் பர்மாவுக்குப் போனது, யார் திரும்பவில்லை என்பது வரை வந்தது. பேத்தி ஒரு பக்கம் எழுத, நான் ஒரு பக்கம் எழுதினேன். அசல் ஸ்லைடுகள் அவர்கள் வீட்டுக்கே போய்விட்டன. என்னிடம் பிரதி இருக்கிறது, அவர்கள் எழுதித் தந்த அனுமதியோடு. எனக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. முன்பு என்னிடம் இருந்தது மாடும் சில மனிதர்களும். இப்போது இருப்பது ஓர் ஊர்.

எங்கே கொடுப்பது என்று கேட்பீர்கள். சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களின் ஃபோட்டோக்களைச் சேர்த்து, ஒரு லட்சத்துக்கும் மேல் வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய ஃபோட்டோக்களையும் எண்ணிமமாக்கியிருக்கிறார்கள். எந்த நிறுவனமும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளாது. கொண்டுபோவதற்கு முன் என்ன இருக்கிறது, எத்தனை, யாருடையது, எந்த ஊர் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இன்னொரு முறை எழுதுங்கள். அதுவரை பெட்டியை உடைக்காதீர்கள்.

இன்று ஸ்லைடு கொண்டுவந்திருப்பவர்கள் சிலர் முன்வரிசையில் இருப்பதைப் பார்க்கிறேன். இடது பக்க மேசையில் விளக்குப் பலகையும் லென்ஸும் வைத்திருக்கிறேன். கையைத் துடைத்துக்கொண்டு வாருங்கள், ஸ்லைடை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பெட்டியோடு கொண்டுவந்தவர்கள் மூடியைத் திறக்காமல் அப்படியே கொடுங்கள். முதலில் மூடியைப் படம் எடுத்துக்கொண்டு, பிறகு சேர்ந்து திறப்போம். வீட்டுப் பெரியவர்களை அழைத்து வந்திருப்பவர்கள் அவர்களை மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். பென்சிலும் காகிதமும் அங்கே இருக்கின்றன.